கத்திரிப்பூ வண்டி காத்துக் கிடந்த காலம்

சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தால், அதன் அடிமுனையில் தரையோடு ஒட்டி, செய்த தேதி அச்சிட்ட ஒரு சின்னத் துணிப்பட்டை தைத்திருக்கும். சாதாரணமாக அதை யாரும் பார்ப்பதில்லை. மெக்கானிக் பார்த்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முன்சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே தலையைக் கவிழ்த்துப் படித்துவிட்டு எழுந்தார்.

"இங்க ஒண்ணு இடிக்குதே" என்றார்.

கார் வாங்க வந்திருந்தவள் மகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பழைய வண்டிதான் கட்டுப்படியாகும். துணைக்கு அம்மா வந்திருந்தாள். விற்பவர் அந்தத் தெரு முனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்மணி. வண்டி அவருடைய அப்பா வாங்கியது. வேறு யார் கைக்கும் போகாதது. வயதாகிவிட்டதால் அவர் இப்போது ஓட்டுவதில்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்தார்கள்.

"என்ன இடிக்குது?" என்றாள் மகள்.

"பதிவு பண்ணின தேதி ஒண்ணா இருக்கு, வண்டி செஞ்ச தேதி ஒண்ணா இருக்கு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்காங்க." மெக்கானிக் கதவு நிலையில் அறைந்திருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தார், கண்ணாடி மூலைகளில் பொறித்திருந்ததைப் பார்த்தார், பானெட்டைத் தூக்கி உள்ளேயும் பார்த்தார். எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடின. "மாசக்கணக்குல முன்னப்பின்ன இருக்கும், அது சகஜம். செஞ்ச உடனே யாரு வாங்குறா? ஆனா ரெண்டு வருஷம்னா கொஞ்சம் யோசிக்கணும்."

"நடுவுல இது எங்க இருந்துச்சு?"

"அதான் தெரியணும். தண்ணில முங்கி எடுத்ததா இருக்கலாம். இல்ல, கம்பெனிக்காரங்களே ஓட்டிட்டுப் புதுசுன்னு தள்ளிவிட்டிருக்கலாம்."

மருந்துக்கடைப் பெண்மணிக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்கப்பா புதுசாத்தாங்க வாங்கினார். நான் அப்பப் பள்ளிக்கூடத்துல படிக்கிறேன், கூடவே போயிருந்தேன். சீட்டு மேல பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காம இருந்துச்சு. இதுக்கு முன்னாடி வந்தவங்களும் இதையே சொல்லிட்டுத்தான் போனாங்க. நாங்க என்ன பொய்யா சொல்றோம்?"

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கிளம்பலாம் என்று கண்ணாலேயே சொன்னாள்.

அம்மா அதைக் கவனிக்கவில்லை. தார்ப்பாயை உருவிய நிமிஷத்திலிருந்தே அவள் கண் வண்டியின் மேலேயே இருந்தது. வண்டியின் நிறம் கத்திரிப்பூ நிறம். வெயில் பட்ட கூரைப் பக்கம் வெளுத்துப் பூசணம் பூத்த மாதிரி இருந்தது. கதவுகளில் மட்டும் பழைய மினுக்கம் மிச்சமிருந்தது. அவள் மெல்ல நடந்து பின்பக்கம் போனாள். பெட்ரோல் ஊற்றும் இடத்துச் சின்ன மூடியை விரலால் நெம்பித் திறந்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அந்த ரெண்டு வருஷமும் இது என்கிட்டதான் இருந்துச்சு" என்றாள்.

அம்மாவை ஒரு காலத்தில் எல்லோரும் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். ஆண்பிள்ளை இல்லாத குறைக்கு என்றோ, வீட்டில் சும்மா இருக்கிறாளே என்றோ, மகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டார். அவருக்கு முதுகு போய்ப் படுக்கையில் விழுந்தபோது அந்த ஒரு வித்தைதான் வீட்டுக்குச் சோறு போட்டது. கார் விற்கும் கம்பெனி ஒன்றுக்கு ஊருக்கு வெளியே பெரிய யார்டு இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்து இறங்கும் வண்டிகளை, விற்கும்வரை அங்கேதான் வரிசை வரிசையாக நிறுத்திவைப்பார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. பெண்பிள்ளையா என்று முதலில் இழுத்தார்கள். ஒரு நெருக்கமான வரிசைக்குள்ளிருந்து வண்டியைப் பின்பக்கமாகவே எடுத்துக் காட்டச் சொன்னார்கள். எடுத்துக் காட்டினாள். மறுநாளே வேலை.

நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும் என்பது அங்கே போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பாட்டரி செத்துப்போகும். ஒரே இடத்தில் நின்றால் டயர் ஒருபக்கம் தட்டையாகிவிடும். பானெட்டுக்குள் எலி குடும்பம் நடத்தும். அதனால் வாரம் தவறாமல் ஒவ்வொரு வண்டியையும் உயிர்ப்பித்து, யார்டைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டி, பழையபடி கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இடுப்பில் அவள் கட்டியிருக்கும் சாவிக்கொத்தின் சத்தம், அவள் வருவதற்கு முன்னாலேயே வந்து சேரும். பெயர் வந்த கதை அதுதான்.

கத்திரிப்பூ வண்டி அங்கே வந்து இறங்கியது ஒரு பணக்காரர் மகளுக்காக. அந்தப் பெண்ணுக்குப் பிடித்த நிறம் என்று தனியாகச் சொல்லிச் செய்யவைத்தது. வண்டி வருவதற்குள் பெண் மேல்படிப்புக்கு விமானம் ஏறிவிட்டாள். அப்பன்காரர் வேண்டாம் என்றுவிட்டார். வேறு யாருக்காவது தள்ளிவிடலாம் என்று பார்த்தால், வருகிறவர்கள் எல்லாம் வெள்ளை இருக்கிறதா, சாம்பல் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். ஒருவர் இதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "காம்பு மட்டும்தான்யா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கேலி யார்டு முழுக்கப் பரவிவிட்டது. அப்புறம் கார் செய்யும் கம்பெனி அந்த மாடலின் முகத்தையே மாற்றிப் புது விளக்கு வைத்துவிட்டது. பழைய முகம் உள்ளவற்றை விலை குறைத்து விற்றுத் தீர்த்தார்கள். இது மட்டும் நின்றது. கடைசியில் பின்மதில் ஓரமாக, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டார்கள். யாருக்கும் விற்காததால் பதிவும் இல்லை, நம்பரும் இல்லை. பிறந்து பெயர் வைக்காத குழந்தை மாதிரி கிடந்தது.

சாவிக்கு அதன்மேல் ஒரு பரிவு. அதைக் கடைசியாகத்தான் எடுப்பாள். மற்றதைவிட இரண்டு வட்டம் கூடுதலாக ஓட்டுவாள்.

அப்படி ஒருநாள் இறங்கும்போது இடுப்புச் சாவிக்கொத்து கதவில் உரசி, கைப்பிடிக்குக் கீழே ஒரு கோடு விழுந்துவிட்டது. நல்லவேளையாக அன்று டச்சப் வந்திருந்தான்.

டச்சப் என்பது அவனுடைய வேலை. அதுவே அவனுக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. லாரியிலிருந்து இறக்கும்போது விழும் கீறல், சிராய்ப்பு இவற்றையெல்லாம் பெயிண்ட் தொட்டு மறைப்பவன். ஒடிசலான ஆள். எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவான். சாயங்காலம் பார்த்தால் அன்று தொட்ட வண்டியின் நிறமெல்லாம் கைமடிப்பில் இருக்கும். கோட்டைப் பார்த்தான். அவள் முகத்தையும் பார்த்தான்.

"இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஆனா இந்த நிறத்துக்கு டப்பா கிடையாது. கலந்துதான் பாக்கணும்" என்றான்.

கலந்த நிறத்தை நேரே கதவில் வைத்துப் பார்க்க முடியாது. பெட்ரோல் மூடியைத் திறந்து, உள்பக்கம் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு பொட்டு வைத்தான். காய்ந்த பிறகு பார்த்துவிட்டு, "சிவப்பு தூக்கலா இருக்கு" என்றான். அடுத்த வாரம் வந்து இன்னொரு பொட்டு. "கொஞ்சம் நீலம் சேக்கணும்." அதற்கடுத்த வாரம் மூன்றாவது பொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, கதவுக் கோட்டை மறைத்துவிட்டான். வேலை முடிந்தது என்று அவள் நினைத்தாள். ஆனால் மறு வாரமும் மூடியைத் திறந்தான். வெயிலில் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது, நிழலில் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது என்றான். நாளாக ஆக, கோடு எங்கே இருந்தது என்று அவளே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அவனுக்கு மட்டும் நிறம் பொருந்தவே இல்லை.

யார்டில் மற்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரியாமல் இல்லை. ஆனாலும், இன்றைக்கு என்ன சேர்க்கணும் என்று ஒன்றும் அறியாதவள் போலக் கேட்பாள்.

மழைக்காலத்தில் யார்டில் ஒதுங்க இடம் கிடையாது. சாப்பாட்டு வேளையில் மழை பிடித்துக்கொண்டால் அந்த வண்டிக்குள் ஏறிக்கொள்வார்கள். சீட்டு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும்; அசைந்தால் நரநரவென்று சத்தம் போடும். அதனால் இருவரும் அசையாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு பருக்கை விழுந்தாலும் அவள் முறைப்பாள். அப்படி ஒருநாள் அவன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, நேரே கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டான்.

"இந்த வண்டி வித்துப்போச்சுன்னா நான் என்ன சாக்குச் சொல்லிக்கிட்டு வர்றது?"

கண்ணாடி முழுக்க மழை வழிந்தது. வெளியே எதுவும் தெரியவில்லை. அவள் வைப்பரைப் போட்டாள்.

"எங்கப்பாவைப் பாத்துப் பேசுங்க. பெயிண்ட்டைப் பத்திப் பேசாதீங்க, அவருக்குப் பிடிக்காது. லாரியைப் பத்திப் பேசுங்க" என்றாள்.

அவன் போய் லாரியைப் பற்றிப் பேசினான். ஒன்றும் தெரியாமல் பேசினான் என்று அவள் அப்பா ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் சம்மதித்துவிட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில்தான் கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். மனைவியையும் சீருடை போட்ட மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையிலிருந்த பணத்துக்கு ஷோரூமில் ஒன்றும் படியவில்லை போலிருக்கிறது, யார்டுக்கு அழைத்துவந்திருந்தார்கள். சேல்ஸ்மேன் முன்னாலேயே ஓடிவந்து சாவியின் காதில் சொன்னான்: "எப்ப வந்த வண்டின்னு கேட்டா, போன மாசம்னு சொல்லு. புரியுதா?"

அவள் வண்டியைத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்த அம்மாளுக்கு நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. மகளோடு உள்ளே ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். வாத்தியார் மட்டும் வெளியே நின்று, நேரே அவளிடம் கேட்டார்.

"இது எப்பம்மா வந்துச்சு?"

சேல்ஸ்மேன் இருமினான்.

சொல்லிக்கொடுத்த பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த வண்டியைப் பற்றி அவளால் அப்படிச் சொல்ல முடியவில்லை. போன மாதம் வந்தது என்றால், நடுவில் நடந்ததெல்லாம் எங்கே போகும்?

"என்கிட்ட வந்து ரெண்டு மழைக்காலம் ஆச்சு சார்" என்றாள்.

"நின்னேவா கிடந்துச்சு?"

"நிக்க விட்டதில்ல சார். வாரா வாரம் நான்தான் ஓட்டுவேன். இந்த மதிலைத் தாண்டினதில்ல, அவ்வளவுதான்."

வாத்தியார் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே சிரித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு சேல்ஸ்மேனின் தோளில் கையைப் போட்டுத் தள்ளிக்கொண்டு போனார். என்ன பேசினார்களோ, விலை இறங்கியிருக்க வேண்டும். வண்டி விற்றுப்போனது. சேல்ஸ்மேன் அவளை வேலையைவிட்டுத் தூக்கப் பார்த்தான். யார்டு மானேஜர், "அப்ப நீ வந்து தினமும் ஸ்டார்ட் பண்றியா?" என்று கேட்டதும் அடங்கிவிட்டான்.

வண்டி போன இடத்தில், தூசு படியாத நீள்சதுரம் ஒன்று தரையில் தெரிந்தது. அடுத்த மழை வரைக்கும் அது இருந்தது. வேலை முடியும் நேரத்தில் அவள் கால்கள் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கமே போகும். போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவாள்.

பிறகு கல்யாணம், மகள், வாடகை வீடுகள். யார்டைத் தொலைதூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவள் வேலையை விட்டாள். இப்போது பல வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பிள்ளைகளுக்கு அவள் வேன் ஆன்ட்டி. சாவி என்று கூப்பிட இப்போது வீட்டில் ஒருவர்தான் மிச்சம்.

கொட்டகையில் இதையெல்லாம் அவள் இத்தனை விரிவாகச் சொல்லவில்லை. விட்டு விட்டுச் சொன்னாள். மகள் பெட்ரோல் மூடிக்குள் எட்டிப் பார்த்தாள். கத்திரிப்பூ நிறத்தில், ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்டு, பொட்டுகள் வரிசையாக இருந்தன.

"இதெல்லாம் அப்பா வெச்சதா?"

"வேற யாரு வெப்பா?"

மருந்துக்கடைப் பெண்மணி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது அவருடைய அப்பா, அந்தக் கணக்கு வாத்தியார், ஊன்றுகோலைப் பிடித்தபடி பின்னால் வந்தார். இவளை உற்றுப் பார்த்தார். தெரியவில்லை என்று தலையை ஆட்டினார்.

"மன்னிச்சுக்கம்மா, உங்க முகம் ஞாபகத்துல இல்ல. அந்த சேல்ஸ்மேன் மூஞ்சி நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க ரெண்டு மழைக்காலம்னு சொன்னதும் முள்ளை முழுங்கினவன் மாதிரி ஆயிட்டான்."

"அப்படின்னா உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றார் அவர் மகள். "ஒரு வார்த்தை சொல்லலையே. அம்மாகிட்டயும் சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்? புது வண்டின்னு அவ தெருவெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா. புதுசுதானே? ரோட்டுல யாரும் ஓட்டலையே. தேதியை யாரு கேட்டாங்க?"

"கணக்கு வாத்தியார் வீட்டுலயே கணக்கு இடிக்குது" என்றார் வாத்தியார் மகள். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது சிரித்துவிட்டார். அந்த பிளாஸ்டிக் உறையை அம்மா வருஷக்கணக்கில் கழற்றவே விடவில்லை என்றும், வெயில் காலத்தில் எல்லோருக்கும் முதுகு ஒட்டிக்கொள்ளும் என்றும், கடைசியில் அது தானாகவே வெடித்துக் கிழிந்தபோது அம்மா ஒருநாள் முழுக்கப் பேசவில்லை என்றும் சொன்னார். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அந்த அம்மாள் இப்போது இல்லை.

சாவி வீட்டுக்குப் போன் போட்டு, விலாசம் சொல்லி, உடனே வரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. டச்சப் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். கண்ணில் புரை விழுந்து, இப்போதெல்லாம் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் மட்டும்தான் வேலைக்குப் போகிறார். தெருவில் வரும்போதே நிறத்தைப் பார்த்துவிட்டார். நேரே பின்பக்கம் போய், மூடியைத் திறந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"மூணாவது பொட்டு" என்றார் மெதுவாக. "அதுவே சரியாத்தான் இருந்திருக்கு."

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் சாவி.

அவள்தான் ஓட்டினாள். பக்கத்தில் அவர். பின்னால் மகளும் வாத்தியாரும். அந்தப் பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்கள். ஸ்டியரிங் லேசாக இடதுபக்கம் இழுத்தது. இரண்டாவது கியர் முரண்டு பிடித்தது. வாத்தியார் பின்னாலிருந்து, இந்த மூலையில்தான் என் மகளை டியூஷனுக்கு இறக்கிவிடுவேன், இந்தச் சந்து வழியாகத்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எந்த 'அவளை' என்று யாரும் கேட்கவில்லை. டச்சப் வழிநெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் மகள் தீர்மானமாகச் சொன்னாள். "எடுத்துக்கலாம்மா. எனக்கு இதுதான் வேணும்."

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "நான் இன்னும் அடியில பாக்கலையே." ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு உள்ளே புகுந்தார். கார்பெட்டைப் பெயர்த்தார். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினார். பிறகு முனையை வைத்து லேசாக அழுத்தினார். அது தரைத்தகட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது. தண்ணீர் எங்கிருந்தோ கசிந்து வருஷக்கணக்கில் கார்பெட்டுக்கு அடியில் தேங்கி, துரு தின்றுவிட்டிருந்தது.

"வெல்டு வெச்சுச் சரி பண்ணிக்கலாம்ல?" என்றாள் மகள்.

"பண்ணலாம். ஆனா எவ்வளவு தூரம் போயிருக்குன்னு அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"வேண்டாம்" என்றாள் சாவி.

"அம்மா, இது உங்க வண்டிம்மா."

"எங்களுக்காக நீ வாங்காதே. நீ நைட் டூட்டி முடிச்சு, தூக்கக் கலக்கத்துல தனியா வர்றவ. காலுக்கு அடியில தகடு கெட்டியா இருக்கணும். எனக்கு இது எவ்வளவு பிடிக்கும்னு உனக்குத் தெரியாது. அப்படியிருந்தும் சொல்றேன், வேண்டாம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள், அவராவது பரிந்து பேசுவார் என்று. அவர் மூடியை அழுத்திச் சாத்திவிட்டு, "அம்மா சொல்றதுதான் சரி" என்றார்.

வாத்தியாருக்கு அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் போகும்போது சாவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கும் உள்ளதைச் சொன்னீங்க, இன்னைக்கும் உள்ளதைச் சொல்றீங்க" என்றார். அவள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் டச்சப் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார், அல்லது தூங்குவதுபோல இருந்தார்.

மகள் அடுத்த மாதம் ஒரு வெள்ளைக் கார் வாங்கினாள். செய்த தேதிக்கும் பதிவு செய்த தேதிக்கும் நடுவில் சில வாரம்தான் இடைவெளி. கேள்வி கேட்க அதில் ஒன்றுமில்லை. நல்ல வண்டி. கத்திரிப்பூ வண்டியைக் காயலான் கடைக்குப் போட வாத்தியாருக்கு மனம் வரவில்லை. கடைசியில் மெக்கானிக்கே எடுத்துக்கொண்டார். வேலையில்லாத நேரத்தில் துரு தின்றதை எல்லாம் அறுத்தெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார். மழைக்காலம் முழுக்க அது அவருடைய பட்டறையில் கிடந்தது. கேக் செய்து வீடுவீடாகக் கொடுக்கும் ஒரு கணவன் மனைவிக்கு அது பிடித்துப்போனது. கூட்டத்தில் தனியாகத் தெரியும் நிறம் என்றார்களாம். தகடு மாற்றியதை மெக்கானிக் காட்டிவிட்டார். தேதி விஷயத்தையும் சொன்னார். அவர்கள் தயங்கவே, சாவிக்குப் போன் போட்டு, "அக்கா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

சாவி அப்போதுதான் வேனைக் கழுவி முடித்திருந்தாள். ஈரக் கையோடு வாசலில் நின்று, யார்டு, பின்மதில், வாரா வாரம் ஓட்டியது எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் உம் கொட்டிக்கொண்டே முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்படின்னா சரி மேடம், எனக்குத் திருப்தி. லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்றாள்.

"என்கிட்ட இருந்தப்ப அது கேட்டைத் தாண்டினதே இல்லம்மா. அதை நான் எப்படிச் சொல்ல?"

உள்ளேயிருந்து டச்சப், யார் போனில் என்று கேட்டார். சொன்னாள். என்ன கேட்டார்கள் என்றார். அதையும் சொன்னாள். அவர் சிரிக்க ஆரம்பித்தவர், இருமல் வந்து தண்ணீர் கேட்கும்வரை நிறுத்தவில்லை.